கற்பூரம் ஏற்றாமல் ஆரம்பித்துவிட்டார்கள்

1988 அக்டோபர் 2, ஞாயிற்றுக்கிழமை. தூர்தர்ஷனில் பி.ஆர். சோப்ராவின் மகாபாரதம் அன்று தொடங்கியது. பெங்களூர் காட்டன்பேட்டையில் எங்கள் சந்தில் அப்போது மூன்று வீடுகளில்தான் டி.வி. இருந்தது. அதில் ஒன்று எங்களுடையது, கருப்பு வெள்ளை. எனக்கு ஒன்பது வயது. அப்பா மில்லில் மெக்கானிக். அம்மா வீட்டிலேயே ஊதுவத்தி உருட்டுவாள். ஆயிரம் வத்திக்கு இவ்வளவு என்று கூலி. அதனால் ஞாயிற்றுக்கிழமையும் பலகை மடியை விட்டு இறங்காது. டி.வி.யில் என்ன ஓடினாலும் அவள் கை மட்டும் உருட்டிக்கொண்டே இருக்கும். எங்கள் வீட்டில் கரித்தூள் வாசனையோடுதான் மகாபாரதம் ஓடியது.

ஆயாவுக்கு டி.வி.க்கு நேர் எதிரே, சுவரில் சாய்ந்தபடி ஓர் இடம். செஞ்சிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, தாத்தா இறந்த பிறகு எங்களோடு வந்துவிட்டவள். எழுதப் படிக்கத் தெரியாது. பெங்களூரில் பதினைந்து வருடம் இருந்தும் காய்கறிக்காரரிடம் பேசுகிற அளவுக்குத்தான் கன்னடம். இந்தி சுத்தமாகத் தெரியாது. ஆனால் பாரதம் அவளுக்கு அத்துப்படி. அவள் ஊரில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பகலில் பந்தலில் உட்கார்ந்து வில்லிபாரதம் படித்துப் பொருள் சொல்வார்கள், ராத்திரி அதே கதையைக் கூத்தாக ஆடுவார்கள். சின்ன வயதிலிருந்து வருஷா வருஷம் கேட்டவள். சகுனி எந்தக் காயை எப்படி உருட்டினான் என்பது வரை சொல்வாள்.

எங்களுக்கு இந்தி சொல்ல ஆள் வேண்டுமே, அதற்கு எதிர்வீட்டு காலாம்மா வருவார். வாணியம்பாடிக்காரர், வீட்டில் உருது, வெளியே எங்கள் தமிழ். நாங்கள் பிள்ளைகள் காலாம்மா என்போம், ஆயா ‘பாயம்மா’ என்று கூப்பிடுவாள். காலாம்மா வீட்டில் டி.வி. கிடையாது. தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரு முறத்தில் அரிசியோ பருப்போ எடுத்துக்கொண்டு வந்து ஆயா பக்கத்தில் உட்காருவார். கல் பொறுக்கிக்கொண்டே கதை சொல்வார்.

முதல் நாளே ஒரு சிக்கல். கோளங்கள் சுற்ற, ஹரீஷ் பீமானியின் கனத்த குரல் ‘மே சமய் ஹூ’ என்று ஆரம்பித்ததும் ஆயா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“சமயமா? யாரு பேசறது பாயம்மா?”

“வக்த்து பேசுது ஆயா. நேரம். காலம்.”

“காலம் எப்படிப் பேசும்? காலனா?”

காலாம்மாவுக்கு எமனைச் சொல்கிறாள் என்று புரியவில்லை, ஆமாம் என்று தலையாட்டிவிட்டார். அதனால் இரண்டு மூன்று வாரம் ஆயா அந்தக் குரல் வரும்போதெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்புறம் ஒரு ஞாயிறு அவளே முடிவுக்கு வந்தாள். “அது கட்டியக்காரன்டீ. நம்ம கூத்துல வருவானே, அவன்தான். யாரு வர்றா, எதுக்கு வர்றானு சொல்லிட்டுப் போறான். ஆனா இவன் ராஜாவ ஒரு வார்த்த கிண்டல் பண்ணமாட்டேங்கிறான்.” பின்னாளில் அந்தத் தொடரைப் பற்றி நிறையக் கட்டுரைகள் படித்திருக்கிறேன். ‘சமய்’ என்கிற அந்தப் பாத்திரத்தை ஆயா பிடித்ததுபோல யாரும் பிடித்து நான் பார்க்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தத் தொடரில் மகன்கள் அப்பாவைப் ‘பிதாஸ்ரீ’ என்பார்கள், தம்பிகள் அண்ணனை ‘ப்ராதாஸ்ரீ’ என்பார்கள். காலாம்மாவுக்கு அந்தச் சமஸ்கிருத வாடை அடிக்கிற இந்தி பாதி புரியாது. இருந்தாலும் இந்தச் சொல்லைக் கேட்டதும் சிரித்துவிட்டார். “எங்க வூட்ல அப்பாஜான், பாயிஜான்னு சொல்வோம்ல, அதே மாதிரி சொல்றாங்க” என்றார். வசனம் எழுதிய ராஹி மாசூம் ரஸா, காஜிப்பூர்ப் பக்கம் பிறந்த உருது எழுத்தாளர். அந்தச் சொற்களை அவர் உருது வழக்கின் அச்சில்தான் வார்த்தார் என்று பல வருடம் கழித்துப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. முறத்தில் பருப்பு பொறுக்கிக்கொண்டே காலாம்மா அதைச் சொல்லிவிட்டிருந்தார்.

சரி, நான் எழுத வந்தது 1989இல் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. சூதாட்டம் நடந்து முடிந்து, துச்சாதனன் திரௌபதியைக் கூந்தலைப் பிடித்துச் சபைக்கு இழுத்து வரும் கட்டம்.

முந்தைய வாரமே எல்லோருக்கும் தெரியும், அடுத்தது இதுதான் என்று. அன்று எங்கள் முன்னறையில் இருபது பேராவது இருந்திருப்பார்கள். வாசற்படியில், ஜன்னலுக்கு வெளியே எல்லாம் ஆட்கள். தருமர் தம்பிகளை வைத்துத் தோற்றார், தன்னை வைத்துத் தோற்றார், அப்புறம் திரௌபதியை வைத்தார் என்று காலாம்மா சொல்லிக்கொண்டே வந்தார். ஆயா திடுமென எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். பார்க்க மனசில்லாமல் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

திரும்பி வந்தாள், கையில் பித்தளைத் தட்டு. தட்டில் வெற்றிலை, வெற்றிலைமேல் கற்பூரம். நேராக டி.வி.க்கு முன்னால் போய் நின்று ஏற்றினாள். அப்பா பதறி எழுந்தார், “அம்மா, பெட்டிகிட்ட நெருப்பு...” என்று ஆரம்பித்தார். ஆயா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“கற்பூரம் ஏத்தாம ஆரம்பிச்சிட்டாங்கடா. பாவம் புடிக்கும்.”

எங்கள் ஊர்க் கூத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். துகிலுரியும் ராத்திரி மற்ற ராத்திரிகள் போல இல்லை. திரௌபதி வேஷம் கட்டுகிறவர் ஆண்தான், ஆனால் அன்றைக்கு அவர் அம்மன். பலர் விரதம் இருந்துதான் அந்த வேஷம் கட்டுவார்கள். துச்சாதனன் புடவையில் கை வைக்கும் முன்னால் கூத்து நிற்கும். முகவீணை நிற்கும், மத்தளம் நிற்கும். கற்பூரம் ஏற்றுவார்கள். துச்சாதனன் வேஷக்காரர், கிரீடமும் புஜக்கட்டையும் அரிதாரமுமாக, அம்மா, இது வேஷம், வயிற்றுப் பிழைப்பு, கதையில் இருப்பதால் செய்கிறேன், என்னையும் என் பிள்ளைகுட்டிகளையும் மன்னித்துக்கொள் என்று அவள் காலில் விழுந்து கேட்பார். கேட்டுவிட்டு எழுந்தால்தான் மறுபடி துச்சாதனன். பார்க்கிற ஜனம் எழுந்து நிற்கும். சில வேஷக்காரர்களுக்கு அந்த நேரத்தில் அருள் வந்து, பிடித்து நிறுத்த ஆள் வேண்டியிருக்கும். அவமானம் நடப்பதைக் காட்டத்தான் வேண்டும், ஆனால் அது வெறும் வேடிக்கையாகிவிடக் கூடாது. அதற்காகத் தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் யோசித்து வைத்த ஏற்பாடு இது என்று நினைக்கிறேன். தூர்தர்ஷனில் அந்த இடைவெளி இல்லை. அதை ஆயா எங்கள் வீட்டில் போட்டாள்.

கற்பூரம் எரிந்து முடிகிறவரை யாரும் உட்காரவில்லை. கண்ணாடித் திரையில் அந்தத் தீ தெரிந்தது, அதற்குப் பின்னால் ரூபா கங்குலியின் முகம். ஆயா தட்டை எல்லோருக்கும் நீட்டினாள். காலாம்மாவிடம் நீட்ட ஒரு நொடி தயங்கினாள். காலாம்மா கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை, தட்டின் ஓரத்தை லேசாகத் தொட்டுவிட்டு முந்தானையை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டார். ஆயா அதற்கும் தலையசைத்தாள்.

“இப்ப நடத்துங்க” என்று டி.வி.யைப் பார்த்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

அதற்குள் திரௌபதி கேள்வி கேட்க ஆரம்பித்திருந்தாள். காலாம்மா முறத்தைக் கீழே வைத்தார். வழக்கமாக ஐந்து வரி வசனத்தை ஒரு வரியில் முடித்துவிடுவார், அன்று அப்படிச் செய்யவில்லை. “கேக்குறா ஆயா. அவரு முதல்ல தன்னையே தோத்துட்டாரு. தோத்து அடிமை ஆனவருக்கு, இன்னொருத்திய வெச்சு ஆட ஏது ரைட்டுன்னு கேக்குறா. பெரியவங்க எல்லாம் உக்காந்திருக்கீங்களே, ஒருத்தர் பதில் சொல்லுங்கன்னு கேக்குறா.” குரல் கம்மியது. ஆயா, “கேளு தாயே, கேளு” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அம்மாவின் கை நின்றுவிட்டது. பாதி உருட்டிய வத்தியை விரல்களில் பிடித்தபடி அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. ஊதுவத்திப் பலகை மடியில் இருக்க அவள் கை சும்மா இருந்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

ரூபா கங்குலி அந்தக் காட்சியை நடித்தபோது உடைந்து அழுதுவிட்டார் என்று பின்னாளில் பத்திரிகைகளில் வந்தது. எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. மன்னிப்புக் கேட்கிற வழக்கம் இல்லாத இடத்தில் அந்த வேஷத்தை ஒரு பெண் தனியாகத் தாங்கியிருக்கிறார்.

கருப்பு வெள்ளைப் பெட்டி என்பதால் அந்தப் புடவை என்ன நிறம் என்று எங்களுக்குத் தெரியாது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்த துணி திரையில் வெளிர் சாம்பலாகத் தெரிந்தது. நானும் அண்ணனும் சிவப்பா, பச்சையா என்று சண்டை போட்டோம். ஆயா தீர்ப்புச் சொன்னாள். மஞ்சள். வேறு எதுவாக இருக்கும்?

தொடரைப் பற்றி அவளுக்குக் குறைகளும் உண்டு. போர் தொடங்கும் முன்னால் அரவான் களப்பலிக்காகக் காத்திருந்தாள். பாண்டவர் ஜெயிக்க வேண்டுமானால் சகல லட்சணமும் பொருந்திய ஒருவன் காளிக்குப் பலியாக வேண்டும், அர்ச்சுனன் மகன் அரவான் அதற்குச் சம்மதித்தான் என்பது எங்கள் பக்கத்துப் பாரதத்தின் உயிர். கூவாகத்தில் சித்திரைப் பௌர்ணமிக்கு இன்றும் திருநங்கைகள் அவனுக்குத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அவனுக்காக அறுத்து அழுகிறார்கள். டி.வி.யில் கீதை வந்தது, சங்கு ஊதினார்கள், போர் தொடங்கிவிட்டது. “புள்ளயக் குடுக்காம எப்படி ஜெயிப்பானுங்க?” என்று ஆயா கேட்டதற்குக் காலாம்மாவிடமும் பதில் இல்லை. நிதீஷ் பரத்வாஜின் கிருஷ்ணன் சிரித்தால் உருகுகிறவள், அன்று அவன் சிரிப்பையும் ரசிக்கவில்லை.

பீமன் மட்டும் அவளுக்கு முழுத் திருப்தி. பிரவீன் குமார் நிஜமாகவே ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் வட்டு எறிந்து தங்கம் வாங்கியவர் என்று அப்பா சொன்னபோது, “அதான் பார்த்தாலே தெரியுதே” என்றாள்.

1990 ஏப்ரலில் டி.வி.யில் குருட்சேத்திரம் நடந்துகொண்டிருந்தது. அதே மாதம் எங்கள் பெங்களூரில் கரகா திருவிழா. இங்கே பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திகளர்பேட்டை தர்மராயசுவாமி கோயிலிலிருந்து சித்திரா பௌர்ணமி நள்ளிரவுக்கு மேல் கரகம் புறப்படும். மல்லிகையால் கூம்பாக மூடிய அந்தக் கரகத்தைக் கையால் பிடிக்காமல் தலையில் சுமந்துவருகிற பூசாரி, ஓர் ஆண், வளையலும் தாலியும் புடவையுமாக அன்று திரௌபதி ஆகிவிடுவார். சுற்றிலும் உருவிய கத்தியோடு வீரகுமாரர்கள், கோவிந்தா கோவிந்தா என்று முழங்கிக்கொண்டு. ராத்திரி முழுக்கப் பேட்டைத் தெருக்களைச் சுற்றுகிற ஊர்வலம் எங்கள் காட்டன்பேட்டையில் ஹஸ்ரத் தவக்கல் மஸ்தான் தர்காவுக்குள்ளும் போய்த்தான் திரும்பும். காலாம்மா வீட்டிலும் அன்று யாரும் தூங்கமாட்டார்கள்.

கரகத்தை நடத்துகிற திகளர் சமூகத்தார் சொல்கிற கதை இது. போரெல்லாம் முடிந்து பாண்டவர்கள் சொர்க்கத்துக்குப் போகிற வழியில், கடைசியாக நடந்து வந்த திரௌபதி திரும்பிப் பார்க்கிறாள். திமிராசுரன் என்று ஓர் அரக்கன் மிச்சமிருக்கிறான். கணவர்கள் முன்னே போய்விட்டார்கள். அவள் சக்தி உருவம் எடுத்து வீரகுமாரர்கள் என்ற படையை உண்டாக்கி அவனை அழிக்கிறாள். அந்தப் பிள்ளைகள், எங்களை விட்டுப் போகாதே அம்மா என்று அழுகிறார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறேன் என்று வாக்குக் கொடுக்கிறாள்.

அந்த வருடம் ஆயா வாசலில் பெரிய கோலம் போட்டாள். விடிவதற்கு முன்னால் கூட்டத்தின் சத்தம் முதலில் வந்தது, அப்புறம் மல்லிகை வாசனை, அப்புறம் கத்திகளின் பளபளப்பு. திண்ணைமேல் ஏறி நின்ற என் தோளை ஆயா இறுக்கிப் பிடித்திருந்தாள். வெள்ளையாக ஒரு பூக்கோபுரம் ஆடி ஆடி, ஏறக்குறைய ஓட்டமாக எங்களைக் கடந்து போனது. முகத்தைச் சரியாகப் பார்ப்பதற்குள் போய்விட்டது. ஆயா அழுதுகொண்டிருந்தாள்.

“பார்த்தியா பாப்பா. அதுல அவ அழுவறா. இங்க அவ வர்றா.”

ஜூன் 24ஆம் தேதி தொடர் முடிந்தது. தருமர் பட்டம் கட்டிக்கொண்டார், அம்புப் படுக்கையில் முகேஷ் கன்னாவின் பீஷ்மர் கண் மூடினார். 94 பகுதிகள். எல்லோரும் எழுந்து போன பிறகும் ஆயா உட்கார்ந்திருந்தாள். “அப்புறம்?” என்றாள். அவ்வளவுதான் ஆயா, முடிந்துவிட்டது என்றேன். அவள் நம்பவில்லை. அடுத்த ஞாயிறு காலையும் குளித்துவிட்டு வந்து டி.வி.யைப் போடச் சொன்னாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. அவள் ஊரில் பாரதம் முடிகிற விதமே வேறு. கடைசி நாள் காலை படுகளம். ஊர் நடுவில் மண்ணால் துரியோதனனைப் பிரம்மாண்டமாகச் செய்து மல்லாக்கப் படுக்க வைத்திருப்பார்கள். பீமன் தொடையை அடிப்பான். அந்தத் தொடையிலிருந்து எடுத்த ரத்தத்தைப் பூசித்தான் திரௌபதி கூந்தலை முடிவாள். சபையில் அவிழ்ந்த கூந்தல். அன்று சாயங்காலம் தீமிதி. கதை கேட்ட ஜனம் முழுக்க அவள் பின்னால் நெருப்பில் இறங்கி நடக்கும். அப்படிக் கதையை முடித்துப் பழகியவளுக்கு, எழுத்து ஓடி விளம்பரம் வருவது முடிவாகத் தோன்றுமா?

ஆயா 2001இல் போய்ச் சேர்ந்தாள். காலாம்மா மகனோடு வாணியம்பாடிக்கே திரும்பிவிட்டார். 2013இல் புதிய மகாபாரதம் ஒன்று வந்தது, விஜய் டி.வி.யில் தமிழ் பேசியது. நானும் அம்மாவும் விடாமல் பார்த்தோம். தமிழ் வசனம் நன்றாகவே இருந்தது, நடிகர்களும் அழகு. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து ‘கேக்குறா ஆயா’ என்று சொல்ல ஆள் தேவைப்படாததாலோ என்னவோ, வீட்டில் யாரும் வாயே திறக்காமல் அதைப் பார்த்து முடித்தோம்.

2020 ஊரடங்கில் தூர்தர்ஷன் பாரதியில் பழைய தொடரைத் திரும்பப் போட்டார்கள், தினமும் மதியமும் சாயங்காலமும். அந்த வருடக் கரகம் தெருவுக்கு வரவில்லை. அந்த நாட்களில் ஒரு சாயங்காலம் நான் சமையலறையில் இருந்தபோது முன்னறையிலிருந்து பகடை உருள்கிற சத்தம் கேட்டது. இன்றைக்கு அந்தப் புடவையின் நிறம் தெரிந்துவிடும் என்று தோன்றியதும் அடுப்பை விட்டு நகரப் பிடிக்கவில்லை. அது மஞ்சளாகவே இருக்கட்டும்.

அம்மா உள்ளே வந்தாள். எழுபது தாண்டியவள், முழங்கால் வலி. ஒன்றும் பேசாமல் சாமி அலமாரியைத் திறந்து பித்தளைத் தட்டை எடுத்தாள், கற்பூர டப்பாவைத் தேடினாள். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். போய் ஏற்றினாள். என் மகளுக்கு அப்போது பதினொரு வயது. “அவ்வா, டி.வி.க்கு எதுக்கு கற்பூரம்?” என்று கேட்டாள்.

அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள். செஞ்சிப் பக்கத்துல நம்ம ஊரு ஒண்ணு இருக்கு, அங்க துச்சாதனன் வேஷம் கட்டறவரு இருப்பாரு என்று ஆரம்பித்தாள். அவர் யார் வீட்டுப் பிள்ளை, பகலில் என்ன வேலை செய்வார், அரிதாரம் பூசிக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும் என்று போய்க்கொண்டே இருந்தது. கரண்டியோடு நான் வாசலில் நின்று கேட்டேன். டி.வி.யில் அதற்குள் சபை கலைந்து, வேறு ஏதோ காட்சி வந்துவிட்டது. அம்மா கதையில் துச்சாதனன் அப்போதுதான் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு அவள் காலில் விழுந்துகொண்டிருந்தார்.